மதினியின் தட்டில் கை வைத்தது யார்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. எடை பார்க்கும் மிஷின் மேல் என் மதினி செல்வராணி நிற்கிறார். நர்ஸ் குனிந்து எண்ணைப் பார்க்கிறார். நிமிர்ந்து மதினியைப் பார்க்கிறார். மறுபடியும் குனிகிறார்.

"அக்கா, கொஞ்சம் இறங்கி ஏறுங்க."

இறங்கி ஏறினார். எண் மாறவில்லை. மிஷின் மேல் பழி போட முடியாது என்று தெரிந்ததும் நர்ஸ் எங்களை உள்ளே அனுப்பினார்.

மதினிக்கு மார்பில் புற்றுநோய். மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் திருவிழா முடிந்த கையோடு கண்டுபிடித்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்க வேண்டும் என்று கீமோ ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அடுத்த ஊசி. நானும் என் அண்ணன் ரத்தினவேலும் கூடப் போயிருந்தோம். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டினார்.

"இன்னைக்கு ஊசி போட முடியாதும்மா. ரத்த அணு ரொம்பக் குறைஞ்சிருக்கு. எடையும் இப்படி இறங்கியிருக்கு. இந்த உடம்பு இப்ப ஊசியைத் தாங்காது."

"அடுத்த வாரம் போட்டுக்கலாமா டாக்டர்?" என்றான் அண்ணன்.

"உடம்பு ஏறுனா போடலாம். ஆனா இப்படித் தள்ளித் தள்ளிப் போறது நல்லதில்ல சார். கட்டிக்கு நாமளே லீவு கொடுத்த மாதிரி ஆயிரும்." பிறகு மதினியிடம் திரும்பினார். "வீட்ல என்னம்மா சாப்பிடுறீங்க?"

சாதாரணக் கேள்விதானே? மதினி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். நான் இரண்டு பேரையும் பார்த்தேன்.

"நல்லாத்தான் சாப்பிடுறா" என்றான் அண்ணன்... கொஞ்சம் தாமதமாக.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். நான் ஒரு சந்தேகப் பிராணி. 'ஒரிஜினல் நெய்' என்று போர்டு வைத்தால் சந்தேகம். பாதி விலை என்றால் சந்தேகம். எங்கள் வீட்டுக்காரர் நான் சொல்லாமலே பாத்திரம் தேய்த்தால் ரொம்பப் பெரிய சந்தேகம். அப்படிப்பட்டவள் முன்னால் இரண்டு பேர் இப்படித் திருதிருவென்று முழித்தால் சும்மா விடுவேனா?

திரும்பும்போது விருதுநகரில் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிடுவதாகப் பேச்சு. கார் நின்றது. நான் இறங்கவில்லை.

"சிவகாசிக்கு விடச் சொல்லுண்ணே. மதினிகூட நாலு நாள் அங்கன இருந்துட்டு வாரேன்."

"எதுக்கு வசந்தா ஒனக்குச் சிரமம்?" என்றான்.

என்னை வரவேண்டாம் என்று அண்ணன் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தேகம் உறுதியானது.

மறுநாள் காலை. டைனிங் டேபிளில் எனக்கு இட்லி, சட்னி, சாம்பார். மதினிக்கு ஒரு டம்ளரில் பச்சையாக ஏதோ சாறு. பக்கத்தில் நாலு துண்டு வெள்ளரிக்காய். மதியம் வேக வைத்த சுரைக்காய். தாளிப்பு கிடையாது. உப்பு பேருக்கு. சாயங்காலம் சுடுதண்ணீரில் ஒரு ஸ்பூன் பவுடர். இரவு மறுபடியும் காய். அவ்வளவுதான்!

சோறு இல்லை. பால், தயிர் இல்லை. முட்டை, கறி, மீன் இல்லை. சர்க்கரை டப்பா வீட்டிலேயே இல்லை. பருப்புகூடக் கிடையாதாம். எண்ணெயும் பருப்பும் விற்றே பேர் வாங்கிய விருதுநகரில் பிறந்து வளர்ந்த குடும்பம் நாங்கள். அந்த வீட்டு மருமகளின் தட்டில் எண்ணெய்க்கும் பருப்புக்கும் தடை.

"இது யாரு சொல்லிக் கொடுத்த வைத்தியம்?" என்று அண்ணனைக் கேட்டேன்.

செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். ஒரு ஆள் வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அதை யார் நெஞ்சிலும் வைத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. 'புற்றுநோய்க்குச் சர்க்கரைதான் சாப்பாடு. சாப்பாட்டை நிறுத்து, நோய் பட்டினியில் சாகும்' என்கிறார். எவ்வளவு உறுதி! எவ்வளவு புன்னகை! கடைசியில் ஒரு பவுடர் டப்பாவையும் தூக்கிக் காட்டுகிறார். சாயங்காலம் நான் பார்த்த அதே பவுடர்.

"இத நம்பியாண்ணே மதினிய இப்படிப் போட்டு..."

"ஒனக்கு எதுலதான் சந்தேகமில்ல? நான் என்ன விவரங்கெட்டவனா? எனக்கே யோசனையில சரின்னு பட்டுச்சு. அதான் செஞ்சேன்."

அண்ணன் விவரங்கெட்டவன் இல்லை. எம். புதுப்பட்டிப் பக்கம் அவன் பட்டாசுக் கம்பெனி இத்தனை வருஷமாக ஓடுகிறது. அவன் கம்பெனியில் இதுவரை ஒரு ஆளுக்குக்கூடத் தீக்காயம் பட்டதில்லை. அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அந்தப் பெருமையிலிருந்துதான் இந்த வைத்தியமே பிறந்திருக்கிறது. அவனே விளக்கினான்.

"எங்க வேலையில மொதப் பாடம் என்ன தெரியுமா? ஒரு ரூம்ல சரக்கக் கூடுதலா வைக்கக் கூடாது. முடிக்க முடிக்க எடுத்து வெளிய கொண்டு போயிரணும். சரக்கு கம்மியா இருந்தா, பத்துனாலும் சேதம் கம்மி. உள்ள எரியிறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னா தீ என்ன செய்யும்? தானா அணைஞ்சுரும். ஒடம்பும் அப்படித்தான."

கேட்கும்போது எனக்கே சரி என்றுதான் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவன் சொன்னால் சந்தேகப்படலாம். நமக்குச் சோறு போட்ட தொழிலே வந்து காதில் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? பட்டாசுக்காரன் பட்டாசு மாதிரியே யோசித்திருக்கிறான். மதினியை அவன் ஒரு ரூமாக நினைத்து, உள்ளே இருந்த சரக்கையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தான்.

ஆக, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நான் முடிவு செய்தேன். கூட்டாளி, செல்போனில் சிரிக்கும் கோட்டு ஆள்.

அடுத்த நாள் அண்ணன் கம்பெனிக்குப் போய்விட்டான். தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரம். லோடு ஏற்றி அனுப்பாமல் சாயங்காலம் வரை வரமாட்டான். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். குழைய வடித்த சோறு. பருப்பு. மிளகு ரசம். இரண்டு அவித்த முட்டை. மதினி முன்னால் தட்டை வைத்தேன்.

"சாப்பிடுங்க மதினி. அண்ணே வர நேரமாகும். நான் மூச்சு விட மாட்டேன்."

மதினி முட்டையைப் பார்த்தார். எச்சில் விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. ஆனால் கை நீளவில்லை.

"வேண்டாம் வசந்தா."

"அண்ணனுக்குப் பயமா?"

"அவுக மேல பழியப் போடாத. நேத்துக்கூட, ஒரு வாய் மோர்ச் சோறு தின்னுக்கிறியான்னு அவுகதான் கேட்டாக. நாந்தான் மாட்டேன்னுட்டேன்."

இதென்ன புதுக் கதை? பின்னே யார்தான் இவர் தட்டில் கை வைத்தது?

மதினி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நோய் தெரிந்த முதல் வாரத்தில் ஆட்கள் வந்தபடி இருந்தார்களாம். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், தொழில் பழக்கத்தில் தெரிந்தவர்கள் வீட்டுப் பெண்கள். ஆப்பிள் கொண்டுவந்தார்கள். இருக்கன்குடி மாரியம்மன் திருநீறு கொண்டுவந்தார்கள். கையைப் பிடித்து அழுதார்கள். எல்லாம் பாசம்தான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"அப்படி என்னத்தத்தான் சாப்பிட்ட?"

"ஒருத்தி, எண்ணெய்ப் பரோட்டாவாலதான்னா. எனக்குப் பரோட்டா பிடிக்கும், ஒனக்குத் தெரியுமில்ல? ஞாயித்துக்கிழமையானா வாங்கிருவோம். இன்னொருத்தி பிராய்லர் கோழின்னா. அதுவும் தின்னேன். ஒருத்தி, பழைய கொழம்பச் சுட வச்சுச் சுட வச்சுத் தின்னியான்னு கேட்டா. மிஞ்சுனதக் கொட்ட மனசு வராம நாந்தான தின்பேன்? அவுக அவுக ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்ல... எல்லாமே நான் தின்னதுதான் வசந்தா. எனக்கு நானே வரவச்சுக்கிட்டேன்."

"அதெல்லாம் சும்மா பேச்சு மதினி!"

"இருக்கட்டும். இப்ப வாயக் கட்டிட்டேன். வாயக் கட்டியும் நோய் திரும்பி வந்துச்சுன்னா, பாவம்னு சொல்லுவாக. தின்னுட்டு இருந்து திரும்பி வந்துச்சுன்னா? தின்னு தின்னு வரவச்சுக்கிட்டா, பிள்ளைகள நெனச்சுப் பாத்தாளான்னு சொல்லுவாக. சாகுறது எனக்குப் பயமில்ல. அந்தப் பேச்சுத்தான் பயமா இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இந்தப் பெண் நோயைப் பட்டினி போடவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து தன்னைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறார். செத்துப்போனாலும் கெட்ட பேர் இல்லாமல் சாக வேண்டுமாம். நான் வைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. எவ்வளவு கெஞ்சியும் இரண்டு கரண்டி ரசம்தான் உள்ளே போனது.

வெள்ளிக்கிழமை மறுபடி மதுரை. ரத்தம் சோதித்துப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை டாக்டரம்மா கேட்பதற்கு முன்னாலேயே நான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். சாறு, சுரைக்காய், பவுடர், வீடியோ, பட்டாசு ரூம், வந்து கேட்ட பெண்கள்... ஒன்று விடவில்லை. மதினி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தலை குனிந்து இருந்தார். நான் முடித்ததும் நிமிராமலே கேட்டார்.

"டாக்டர், நான் சாப்பிட்டதாலயா எனக்கு இது வந்துச்சு?"

டாக்டரம்மா நாற்காலியை மதினி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு சாப்பாட்டக் காட்டி, இதாலதான் உங்களுக்கு வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. என்னாலயும் முடியாது. தினம் பரோட்டா சாப்பிட்டும் வராதவங்க இருக்காங்க. கீரையா சாப்பிட்டும் வந்தவங்க இதே நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க. நீங்க வரவச்சுக்கல."

மதினியின் தோள் கொஞ்சம் இறங்கியது. அண்ணன் விடவில்லை.

"அப்போ சர்க்கரை, டாக்டர்? அதத் தின்னுதானே கட்டி வளருது?"

"உடம்புல எல்லாமே சர்க்கரையைத்தான் எடுத்துக்குது சார். மூளை, இதயம், நல்ல அணு, கெட்ட அணு எல்லாம். நீங்க சாப்பிடாட்டியும் உடம்பு தன் சதையைக் கரைச்சு அதுக்குச் சர்க்கரை செஞ்சு கொடுக்கும். கட்டியை மட்டும் தனியா பட்டினி போட வழி கிடையாது. உங்க வீட்ல பட்டினி கிடந்தது அம்மாதான்."

சந்தேகப் பிராணி சும்மா இருக்குமா? "அப்ப சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லையா டாக்டர்? என்ன வேணும்னாலும் சாப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லல. சிகிச்சை எல்லாம் முடிஞ்ச பிறகு எடை ரொம்பக் கூடாம பார்த்துக்கணும். தினம் நடக்கணும். கீரை, காய், பயறு நிறைய, எண்ணெய்ல பொரிச்சது கம்மியா. அது உடம்புக்கு நல்லது. நோய் திரும்பி வராம இருக்கவும் உதவலாம். எவ்வளவு உதவும், யாருக்கு உதவும்னு உறுதியா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா அதெல்லாம் பிறகு. இப்ப ஊசி நல்ல அணுக்களையும் சேர்த்து அடிக்குது. அது திரும்ப ஏறி வரணும். அதுக்கு முட்டை, பருப்பு, மீன், தயிர், சோறு எல்லாம் வேணும். அந்தப் பச்சைச் சாறு வேண்டாம். அணு குறைஞ்ச நேரத்துல பச்சையா குடிக்கிறதுல கிருமி பயம் இருக்கு. பவுடரை முதல்ல தூக்கிப் போடுங்க. சாப்பாடு சிகிச்சைக்குத் துணைக்கு வரும்மா. சிகிச்சைக்குப் பதிலா வராது."

கவனித்தீர்களா? படித்த டாக்டரம்மா 'உதவலாம்' என்கிறார், 'தெரியாது' என்கிறார். கோட்டுப் போட்ட ஆளுக்கோ எல்லாமே தெரிந்திருந்தது. இரண்டு பேரில் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கார் திருமங்கலம் தாண்டியது. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று சொன்னான்.

"கம்பெனியில ஒவ்வொரு ரூம் வாசல்லயும் தீயணைக்க மணல் வாளி இருக்கும். தண்ணித் தொட்டி இருக்கும். அது ரொம்பி இருக்கான்னு தெனமும் காலையில நானே போய்ப் பாப்பேன். ரூம்ல சரக்கு கம்மியா இருக்கணும்... சரிதான். வாளியில மணல் கொறையக் கூடாதுல்ல? நான் வாளியையும் சேத்துல்ல காலி பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மதினி பின்னால் இருந்து கையை நீட்டி அவன் தோளைத் தொட்டார். "போதும், விடுங்க. பசிக்குது. எங்கனயாவது நிப்பாட்டுங்க" என்றார்.

மதினியா சொன்னது? மதினியேதான். விருதுநகர் வந்ததும் என் வீட்டில் நிறுத்தி, நான் அவசரமாக வடித்த சோற்றில் பருப்பும் தயிருமாக மதினி ஒரு தட்டு சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும் வரை நாங்கள் யாரும் அவர் தட்டைப் பார்க்காத மாதிரி நடித்தோம்.

அதற்குப் பிறகு அண்ணன் அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். பட்டினி போட்ட அதே வேகத்தில் சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டான். கம்பெனியிலிருந்து போன் வரும். "முட்டை உள்ள போச்சா? பயறு போச்சா? தயிர் நிக்குதா, போயிருச்சா?" தீபாவளி சீசனில் லாரி லோடு விசாரிக்கும் அதே குரல். மதினி ஒரு நாள் போனிலேயே சொல்லிவிட்டார்: "நான் என்ன குடோனா? போய் வேலையப் பாருங்க." அவர் அப்படிச் சத்தம் போட்டுக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எடை ஒன்றும் எகிறிவிடவில்லை. ஆனால் இறங்குவது நின்றது. அணுக்கள் ஏறின. தள்ளிப்போன ஊசியை ஒரு வழியாகப் போட்டார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சித்தி ஒருவர் மதினியைப் பார்க்க வந்தார். எங்கள் குடும்பத்தில் மூத்தவர் இப்போது அவர்தான். அவர் சொல்லுக்கு யாரும் மறு சொல் சொல்லி நான் பார்த்ததில்லை. ஊசி போட்ட குமட்டல் அடங்கி, மதினி அப்போதுதான் கொஞ்சம் சோறும் ஒரு முட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதிரே. நான் அடுக்களை வாசலில்.

சித்தி தட்டைப் பார்த்தார். "ஏத்தா ராணி, இந்த ஒடம்போட முட்டையா? வாயக் கட்டக் கூடாதா? ஏற்கெனவே என்னத்தத் தின்னு இத வரவச்சியோ..."

மதினியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. போயிற்று... இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு பேச்சில் போயிற்று என்றே நினைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார் என்று தெரியும்.

"சித்தி" என்றான் அண்ணன்.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதும் இதே வீடு, இதே கூட்டம், இதே ஆப்பிள். அதைத்தான் கேட்டான்.

"எனக்கு நெஞ்சுல அடைப்பு வந்தப்பவும் நீங்க வந்தீக. அன்னைக்கு என்னத்தத் தின்னேன்னு என்னையக் கேட்டீகளா?"

"ஒன்னைய எதுக்குய்யா கேக்கணும்? ஒனக்கு சீசன் டென்ஷன். லோடு, ஆர்டர்னு ஒத்த ஆளா எம்புட்டு அலைச்சல்..."

"நாங்க ரெண்டு பேரும் ஒரே கடைப் பரோட்டாதான் சித்தி தின்னோம். அவளவிட எனக்கு ரெண்டு கூட. எனக்கு வந்தா அலைச்சல், அவளுக்கு வந்தா தீனியா?"

கெட்ட மனுஷி இல்லை சித்தி. தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. மதினி அண்ணனைப் பார்த்தார். பிறகு முட்டையைப் பிட்டு வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் நிற்க, மென்று, விழுங்கி, அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்தார்.

என் சந்தேகம் இப்போது வீடியோக்காரர்களை விட்டுவிட்டது. அவர்கள் நமக்குள் ஏற்கெனவே இருக்கும் கேள்வியைத்தான் விற்கிறார்கள். ஆணுக்கு நோய் வந்தால் உழைப்பைத் தேடுகிறோம். பெண்ணுக்கு வந்தால் அவள் தட்டைத் தேடுகிறோம். ஏன்?

வாசலுக்கு யார் வந்தாலும் "சாப்பிட்டீகளா?" என்று கேட்கிற ஊர் இது... நோயில் கிடக்கும் பெண்ணிடமும் அதை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்?